பாடியில் படக்கூடாத இரண்டு கம்பிகள்

நம் பழைய மாணவர் மலருக்கு எழுதும்படி செயலாளர் மூன்று ஆண்டுகளாகக் கேட்டும் சாக்குச் சொல்லி வந்த நான், இம்முறை எழுத உட்கார்ந்ததற்கு நமக்கு லேபில் பாடம் நடத்திய ஓம் சாரின் மறைவே காரணம். ஓம் சார் யார் என்று இம்மலரைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால்தான் நம்மில் பாதிப் பேர் விழிப்போம். வேப்பமரத்தடி, சனிக்கிழமை லேப், பழுப்பு அட்டை ரெக்கார்டு நோட்டு எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதட்டும். எனக்கு எழுத இருப்பது ஒரு வயர்லெஸ் செட்டைப் பற்றி மட்டுமே.

1995இல், நாம் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது, சார் ஏலத்தில் எடுத்த ஐந்து வாகன வயர்லெஸ் செட்டுகள் லேபுக்கு வந்து இறங்கின. அம்பாசடர் காரின் டிக்கியில் படுத்துக் கிடக்கும் கனத்த பெட்டி ஒன்று, ஓட்டுநருக்கு எதிரே டேஷ்போர்டின் அடியில் அதை இயக்கும் கண்ட்ரோல் ஹெட் ஒன்று, இரண்டுக்கும் நடுவே சீட்டுக்கு அடியில் ஓடும் விரல் பருமன் கேபிள் என்று வாழ்ந்த செட்டுகள் அவை. வண்டியிலிருந்து கழற்றியவர் பொறுமையில்லாமல் கேபிளை நடுவில் வெட்டியிருந்தார். சாரிடம் ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலி உரிமம் இருந்தது. ஹெட்டைப் பெட்டியின் முகத்திலேயே பொருத்தி, மேசைமேல் வைத்துப் பேசக்கூடிய ஒரே செட்டாக ஒன்றையாவது மாற்றித் தருவதுதான் எங்கள் நால்வருக்கும் அவர் கொடுத்த புராஜெக்ட்.

கேட்பதற்குச் சுலபமாக இருந்த அந்த வேலை மூன்று வாரத்தை விழுங்கியது. ஹெட் உட்கார வேண்டிய முகப்பில், நீள்கேபிளின் கம்பிகளை உள்ளே சேர்க்கும் சிறிய போர்டு ஒன்று இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, பழைய கம்ப்யூட்டரின் பிளாப்பி கேபிளை வெட்டி, ஒவ்வொரு கம்பியாக மல்டிமீட்டரால் தொட்டுப் பார்த்து, மைக் எது, பேச அழுத்தும் பி.டி.டி. பொத்தான் எது, வால்யூம் எது என்று அட்டவணை எழுதினோம். வண்டியில் இக்னிஷன் சாவியிலிருந்து ஹெட்டுக்கு வரும் மெல்லிய கம்பிக்கும் 13.8 வோல்ட் கொடுத்தாலொழிய செட் கண் திறக்காது என்பதைக் கண்டுபிடிக்கவே நான்கு நாட்கள் ஆயின. பேசும்போது 25 வாட் செட் ஆறு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் என்பதால், அந்தக் கரண்டை மெல்லிய பிளாப்பி கேபிளில் விடாமல் பெட்டியின் பின்புறமே தனியாகக் கொடுக்க வேண்டும் என்று சார் முதல் நாளே சொல்லியிருந்தார்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. வேண்டுமென்றே விட்டாரோ என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு. டவுன் ஹால் ரோட்டுக் கடை ஒன்றில் மாலை நேரத்தில் டேப்ரிக்கார்டர் பழுது பார்த்துக் கைக்காசு சம்பாதித்து வந்த எனக்கு, ஸ்பீக்கர் கம்பிகளில் ஒன்று பாடியில், அதாவது உலோகப் பெட்டியில், எர்த் ஆகும் என்பது தாய்ப்பால் போன்ற அறிவு. டேஷ்போர்டு ஸ்பீக்கர் போய்விட்டதே, ஹெட்போனாவது மாட்டலாம் என்று, யாரையும் கேட்காமல், பெட்டியின் தகட்டில் துளை போட்டு உலோகச் சாக்கெட் ஒன்றைத் திருகினேன். சாக்கெட்டின் கழுத்து தகட்டைத் தொட்டது. ஸ்பீக்கர் கம்பி ஒன்று அந்தக் கழுத்தைத் தொட்டது. சுவிட்சைப் போட்டதும் 'டப்' என்று ஒரு சத்தம், கடுகு கருகியதுபோல் ஒரு நெடி. ஸ்பீக்கரை ஓட்டும் ஆடியோ ஐசி என்ற சில்லின் முதுகில் ஒரு வெடிப்பு.

சார் திட்டவில்லை. "தம்பி, டேப்ரிக்கார்டர்ல பாடின்னா எர்த்து. இதுல ரெண்டு கம்பியும் உசுரோட இருக்குப்பா," என்றார். இரண்டு கம்பியும் பேட்டரியின் பாதி வோல்ட்டில் நின்று, ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும் பிரிட்ஜ் அமைப்பு அது. எதை எர்த் செய்தாலும் ஐசி நேராகச் சுமையைத் தாங்கிக்கொண்டு செத்துவிடும். இறந்த ஐசியை என் கையாலேயே கழற்றவைத்து, ரெக்கார்டு நோட்டில் ஒட்டவைத்து, கீழே 'இறந்த காரணம்' என்று தலைப்பிட்டு எழுதவைத்தார். மறுநாள் அதை முதலாண்டு மாணவர்கள் முன் நின்று வாசிக்கவும் வைத்தார். அறுபது பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு துளியும் மறக்கவில்லை. ஆனால் ரிச்சி தெருவிலிருந்து புது ஐசியைத் தம் காசில் அவர் வரவழைத்ததையும், பதினொரு நாள் கழித்து அது வந்தபோது சால்டரிங் அயர்னை என் கையிலேயே கொடுத்ததையும் வெகு காலம் வசதியாக மறந்திருந்தேன். மாடியில் ஆண்டெனாவாக நட்ட 51 சென்டிமீட்டர் செம்புக் கம்பியின் வழியாக அவர் தம் அழைப்புக்குறியைச் சொல்ல, திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு குரல் பதில் சொன்னபோது, அவமானத்தில் நான் ஓரமாகத்தான் நின்றேன்.

டொராண்டோவில் எனக்குச் சோறு போட்டது அதே வேலைதான். டாக்சிகளுக்கும், பழுதான வண்டிகளை இழுத்துச் செல்லும் லாரிகளுக்கும் செட் பொருத்தும் பட்டறையில் பதினாறு ஆண்டுகள் இருந்தேன். உடன் வேலை செய்த யாழ்ப்பாணத்து நண்பர் எதற்கெடுத்தாலும் ஆமாம் என்பதற்கு "ஓம், ஓம்" என்பார். முதல் சில மாதங்கள் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தேன். ஸ்பீக்கர் கம்பி ஒன்றைக்கூட பாடியில் நான் தொடவிட்டதில்லை என்று ஓம் சாருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். அவர் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. 2011இல் மதுரைக்கு வந்தபோது மீனாட்சியம்மனைப் பார்க்க நேரம் இருந்தது, விளக்குத்தூணில் ஜிகர்தண்டா குடிக்க நேரம் இருந்தது. சார் இருந்த பசுமலைக்கு ஆட்டோ பிடிக்க மட்டும் நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் லேபைக் காலி செய்த இளையவர் ஒருவர், "அண்ணே, இது நீங்க செஞ்சதாமே, ஸ்கிராப்புக்குப் போகுது" என்று ஒரு படம் அனுப்பினார். அதே செட், நான் போட்ட துளையின்மேல் ஒட்டியிருந்த சிறு பிளாஸ்டிக் வில்லையில், இரண்டு கம்பிகளையும் பாடியில் படாமல் தாங்கும் சாக்கெட் ஒன்று. அந்தத் துளையை அடைத்துவிட்டு வேறு இடத்தில் போட்டிருக்கலாம். சார் அப்படிச் செய்யவில்லை. அந்த ரெக்கார்டு நோட்டு ஏதாவது அலமாரியில் இருக்கிறதா என்று இளையவரிடம் கேட்டேன். தேடிப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.