கண்ணைப் பார்த்துச் சொல்லு

எங்கள் பள்ளிக்கூடத்தில் அதிபர் அறை வாசலில் நிறுத்தப்பட்ட எவருக்கும் முதலில் விழுந்த கட்டளை இதுதான்: "நிமிந்து என்ரை கண்ணைப் பாத்துச் சொல்லு." பெரியவர்கள் முன் தலை குனிந்து நிற்பதே மரியாதை என்று வீட்டில் பழகிய வன்னிப் பிள்ளைக்கு அது பெரிய சங்கடம். குனிந்தால் கள்ளன், நிமிர்ந்தால் திமிர் பிடித்தவன்.

பொய்யைப் பிடிக்கக் கண்ணை நம்பியது பிழை. சார்ள்ஸ் பொன்ட், பெல்லா டிபோலோ என்ற உளவியலாளர்கள் 2006இல் 24,000க்கும் மேற்பட்டவர்களின் கணிப்புகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பொய் எது, மெய் எது என்று சரியாகச் சொன்னது சராசரி 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடும்.

கதையைப் பின்னாலிருந்து கேட்ட ஆசிரியர்கள் கெட்டிக்காரர்கள். "வீட்டை போய்ச் சேரேக்கை யார் நிண்டது? அதுக்கு முதல் எங்கை நிண்டனி?" கட்டின கதை முன்னிருந்து பின்னாகக் கோத்த மாலை, திருப்பி உருவினால் சிக்கும். நடந்ததை நினைவிலிருந்து சொல்பவனுக்கு அந்தச் சுமை குறைவு. ஆனால் பயந்த பிள்ளையும் தடுமாறும். ஆகவே தடுமாற்றத்தைக் கண்டால் இன்னும் விசாரிக்கலாம், அடிக்கக்கூடாது. காய்ச்சல் என்று லீவுக் கடிதம் வந்தால் முகத்தை ஆராய்வதைவிட ஆஸ்பத்திரித் துண்டைக் கேட்பது மேல்.

பொய்க்கு ஊரில் பல பெயர் உண்டு. புளுகு கேட்பவனுக்கும் தெரிந்தது; கெடுவது புளுகனின் பெயர் மட்டும். பேக்காட்டுவது வேறு: உண்மை தெரிந்தால் செய்யமாட்டாத ஒன்றை மற்றவனைக் கொண்டு செய்விப்பது. ஒளிப்பதில் பொய்ச் சொல் ஒன்றுமே இராது. பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பிரம்பு, ஒப்புக்கொண்டவனுக்கும் மறுத்தவனுக்கும் ஒரே அடி. மறுத்தால் தப்பவும் இடமுண்டு என்று கணக்குத் தெரிந்த பிள்ளை மறுக்கத்தானே செய்யும்? பொய்யை நிறுத்த வைத்த பிரம்பே பொய்யைப் பழக்கியது.

சுத்துமாத்து என்ற ஏமாற்று வேலைக்குச் சொல் மட்டும் போதாது, சரக்கும் வேண்டும். வன்னியின் இரணைமடு, வவுனிக்குளத்து வயல்வெளிகளில் சூடடிப்புக் காலத்தில் அதைப் பார்க்கலாம். விற்கிற நெல்லில் ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அப்படிக் காய்ந்த 100 கிலோ நெல்லில் 86 கிலோ உலர்ந்த பொருள், மிச்சம் தண்ணீர். அதே நெல்லை 18 சதவீத ஈரத்தோடு சாக்கில் கட்டினால் ஏறக்குறைய 105 கிலோ நிறுக்கும். 5 கிலோ தண்ணீருக்கு நெல் விலை. வாய் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை, சாக்கு சொல்லிவிட்டது. ஈர நெல் சாக்குக்குள் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும், அரிசி பழுப்பாகும். ஒருமுறை சூடுபட்ட வியாபாரி அடுத்த போகம் எல்லார் மூட்டையிலும் கழிவு வெட்டுவான். இரண்டு நாள் கூடக் காயவிட்டவனும் அந்தக் கழிவைக் கட்டவேண்டும். அவன் மறுமுறை ஏன் காயவைக்கப் போகிறான்? (வியாபாரியின் தராசு எப்போதும் நேர்மை என்று நான் சொல்லவரவில்லை.)

"நல்லதுக்குத்தானே சொன்னது" என்பவர்கள் குறள் 292ஐத் துணைக்கு அழைப்பார்கள். பொய்மையும் வாய்மையிடத்த என்றதோடு நிறுத்திக்கொள்வார்கள். மிச்சத்தில்தான் பூட்டு இருக்கிறது: 'புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்', அதாவது குற்றமற்ற நன்மையைத் தந்தால் மட்டும். அந்த 'எனின்' என்ற சொல்லுக்கு வகுப்பில் நாங்கள் பொருள் எழுதினோம், புள்ளியும் வாங்கினோம்.

ஜெர்மன் மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட் 1797இல் அந்தக் கதவையும் சாத்தினார்: உன் வீட்டில் ஒளிந்திருக்கும் நண்பனைத் தேடிக் கொலைகாரன் வாசலில் நின்று கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்றார். ஒளிந்து வந்தவரை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றிய வன்னித் தாய்மாரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் பக்கம்தான் நானும். வாசலில் நிற்பவனுக்கு அந்த உண்மையில் உரிமை இல்லை.

ஆனால் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் சுகம் கேட்கிற பிள்ளைக்கு அந்த உரிமை உண்டு. "நாங்கள் சுகமாய் இருக்கிறம் மோனை, நீ யோசிக்காதை." சீனி வருத்தத்தையும் காலில் ஆறாத புண்ணையும் ஒளித்துச் சொல்லும் இந்தப் பொய்யில் அன்பு இருக்கிறது, 'எனின்' இல்லை. பிள்ளை காசு அனுப்புவதா, லீவு எடுத்து வருவதா என்று தீர்மானிக்கும் காலத்தை அது பறிக்கிறது. புண் முற்றி விரலை எடுத்த பிறகு வருகிற அழைப்பில் தீர்மானிக்க ஒன்றும் மிச்சமில்லை. இங்கிருந்து நாமும் அதே வேலைதான் செய்கிறோம்: வேலை போனதை ஒளித்துக் கடன்பட்டு அனுப்பினால், அங்கே அந்தக் காசை நம்பி வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுவார்கள்.

"சுகமோ?" என்று கேட்டால் "சுகம்" என்றுதான் பதில் வரும். கடைசியாக எப்போது கிளினிக் போனது, சாப்பிட முதல் சீனி எவ்வளவு இருந்தது, எந்தக் குளிசை முடிந்துவிட்டது என்று கேளுங்கள். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அம்மா அனுப்பமாட்டா. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லுங்கள்.