நீட் மார்க்கும் சீட்டும்: ஒரு கலந்தாய்வுக் காலத்தின் நாட்குறிப்பு

மே 4, 2025

இன்று நீட். 180 கேள்வி, 180 நிமிடம். உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45, மொத்தம் 720. கொரோனா காலத்துக்குப் பின் வந்த ‘பதினைந்தில் பத்து எழுதினால் போதும்’ சலுகை இந்த ஆண்டு இல்லை. இயற்பியல் கசக்கிப் பிழிந்திருக்கிறது என்று மாலையிலேயே பேச்சு. போன வருஷக் கட் ஆஃபை எழுதி வைத்திருப்பவர்கள் இப்போதே கிழித்துப் போடலாம்.

மே 6

தெரியாத கேள்வியை விடுவதா, குத்துமதிப்பாக அடிப்பதா? கணக்கு போட்டால் தெரியும். சரி என்றால் 4, தவறு என்றால் 1 போகும். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் சராசரியாகக் கிடைப்பது கால் மார்க். இரண்டு விடைகளை உறுதியாக நீக்கிவிட்டு அடித்தால் ஒன்றரை. முன்னதற்கு மெனக்கெட வேண்டாம், பின்னதை விடக் கூடாது. இருபது கேள்வியைக் கண்மூடி அடிப்பவருக்கு ஐந்து மார்க் கூடும் என்பது சராசரிதான். பத்து மார்க் இறங்குவதும் சாதாரணமாக நடக்கும்.

ஜூன் 14

முடிவு வந்துவிட்டது. முதலிடமே 686. தேர்வு எழுதியவர்கள் 22.09 லட்சம். 650க்கு மேல் எடுத்தவர்கள் நாடு முழுவதும் நூறு பேர்கூட இல்லை. 2024இல் அதே 650ஐத் தாண்டியவர்கள் ஏறக்குறைய 30 ஆயிரம். அன்று 650 எடுத்தவருக்கு அகில இந்திய ஒதுக்கீட்டில் (எல்லா மாநிலத்தவருக்கும் பொதுவான இடங்கள்) அரசு இடமே இழுபறி. இன்று அதே 650க்கு நாட்டின் முன்னணி அரசுக் கல்லூரிகளையே கேட்கலாம். ஆகவே “என் பையன் 520, கிடைக்குமா?” என்று கேட்பவர்களிடம் மார்க்கைக் கேட்பதில்லை. ரேங்க் என்ன, எந்தப் பிரிவு, எந்த மாநிலம் என்ற மூன்றும் தெரிந்தால்தான் பேச முடியும்.

ஜூன் 15

‘தகுதி பெற்றார்’ என்ற வரியைப் பார்த்து இனிப்பு கொடுத்துவிடுகிறார்கள். பொதுப்பிரிவுக்கு 50 பெர்சன்டைல், இந்த ஆண்டு அது 144 மார்க். ஓபிசி, எஸ்.சி, எஸ்.டி பிரிவினருக்கு 40 பெர்சன்டைல், அதாவது 113. பெர்சன்டைல் என்பது சதவீதம் இல்லை. எழுதியவர்களில் எத்தனை பேர் நமக்குக் கீழே என்பதுதான் கணக்கு. 720க்கு 144 என்பது 20 சதவீதம் மட்டுமே.

தகுதி பெற்றவர்கள் 12.36 லட்சம் பேர். நாட்டிலுள்ள எம்.பி.பி.எஸ் இடங்கள் 1.2 லட்சத்தைச் சுற்றி. கோடு இவ்வளவு கீழே இருப்பதால் உண்மையில் பயன்பெறுவது நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும் பணம் கட்ட முடிந்தவர்கள்தான்.

ஜூன் 17

ப்ளஸ் டூ மார்க் தரவரிசையில் சேராது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்து 50 சதவீதம் (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40), ஆங்கிலத்தில் தேர்ச்சி, அவ்வளவே. ப்ளஸ் டூவில் 600க்கு 590 எடுத்தவரும் 400 எடுத்தவரும் இந்த வாசலுக்குள் ஒன்றுதான். தமிழ்நாட்டில் 2007 முதல் 2016 வரை நேர்மாறு: உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200க்குப் போட்ட கட் ஆஃப்தான் எல்லாம். அந்தக் கணக்கிலேயே பேசும் பெரியவர்கள் இன்றும் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்.

ஜூன் 21

ஒரே மார்க்கில் பலர் நின்றால் முதலில் உயிரியல், அடுத்து வேதியியல், பிறகு இயற்பியல். அதிலும் சமம் என்றால் சரியான விடைகளோடு ஒப்பிடத் தவறான விடைகள் யாருக்குக் குறைவோ அவர் முன்னே. இருவருக்கும் 530 என்றால் உயிரியலில் 290 எடுத்தவர், 260 எடுத்தவருக்கு முன்னால் போவார். நடு மார்க்குகளில் கூட்டம் அதிகம் என்பதால் அங்கே இது ரேங்கை நிறையவே நகர்த்தும். ரிப்பீட்டர்கள் (மறுபடி எழுதுபவர்கள்) கவனிக்க.

ஜூன் 27

தமிழ்நாட்டின் மாநில ஒதுக்கீட்டில் சமூக இடஒதுக்கீடு 69 சதவீதம்: பி.சி 26.5, பி.சி முஸ்லிம் 3.5, எம்.பி.சி மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி 18 (அருந்ததியருக்கான 3 இதற்குள்), எஸ்.டி 1. மீதி 31 ஓ.சி (பொதுப் போட்டி). இந்த 31 முன்னேறிய வகுப்புக்கு என்று நினைப்பது பெரிய பிழை. அது எல்லோருக்கும் பொது. நல்ல ரேங்க் எடுத்த எம்.பி.சி மாணவி ஓ.சி இடத்தில் போனால் எம்.பி.சி இடம் அடுத்தவருக்கு மிஞ்சும். பட்டியலில் பொது ரேங்க், சமூக ரேங்க் இரண்டும் இருக்கும். இரண்டையும் பாருங்கள்.

ஜூலை 4

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் அரசுப் பள்ளிதான். அரசு உதவி பெறும் பள்ளி சேராது. நடுவில் ஒரே ஒரு ஆண்டு அங்கே படித்திருந்தாலும் போயிற்று. விதிவிலக்கு உண்டு: கல்வி உரிமைச் சட்ட இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்றால் தகுதி உண்டு. பள்ளி மாறியவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்று வாங்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பள்ளி வேறு மாவட்டத்தில் என்றால் இப்போதே கிளம்புங்கள். இந்த ஒதுக்கீட்டுக்குத் தனித் தரவரிசை. அதனால் பொதுப் பட்டியலில் எட்டாத மார்க்குக்கும் இங்கே இடம் வரும். கட்டணத்தையும் அரசே ஏற்கும்.

ஜூலை 12

அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு. அங்கே 69 செல்லாது. ஓபிசி 27, எஸ்.சி 15, எஸ்.டி 7.5, இ.டபிள்யூ.எஸ் (பொதுப்பிரிவில் பொருளாதாரத்தில் நலிந்தோர்) 10. பி.சி சான்று மட்டும் வைத்திருப்பவர்கள் இங்கேதான் இடறுவார்கள். மாநிலச் சான்றுக்கு வருமானம் பார்ப்பதில்லை. மத்திய ஓபிசி சான்றுக்கு 8 லட்சம் வரம்பு உண்டு. பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்த 8 லட்சத்தில் சேராது. இது தெரியாமல் ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள் பொதுப்பிரிவில் பதிந்துவிடுகிறார்கள். சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

ஜூலை 19

விருப்பப் பட்டியலில் கிடைக்கும் என்று நினைப்பதை மேலே போடாதீர்கள், பிடித்ததை மேலே போடுங்கள். கணினி ரேங்க் வரிசையில் ஒவ்வொருவரையும் எடுத்து, அவர் பட்டியலை மேலிருந்து பார்த்து, காலியான முதல் இடத்தைக் கொடுக்கும். எட்டாத கல்லூரியை முதலில் போட்டதால் கீழுள்ளது கைவிட்டுப் போகாது. எட்டும் கல்லூரியை முதலில் போட்டால் மேலானதைக் கேட்கவே வழியில்லை. சேரவே மாட்டோம் என்ற கல்லூரியை எழுதவும் கூடாது: அகில இந்தியக் கலந்தாய்வில் முதல் சுற்றில் இடத்தை விட்டால் நஷ்டமில்லை, இரண்டாம் சுற்றில் விட்டால் வைப்புத்தொகை போகும். சேரும்போது மேலான கல்லூரிக்கு மாற விருப்பம் கொடுத்து, அடுத்த சுற்றில் வேறு கல்லூரி வந்தால் பழைய இடம் தானாகவே ரத்து.