மார்பில் ஒரு வில்லை, எண் 2622

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை, இணையத்தில் பெரிதாக்கிப் பார்ப்பது கொஞ்ச நாளாக எனக்கு வழக்கமாகிவிட்டது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பால் ஸ்ட்ராண்ட் 1916-இல் நியூயார்க் தெருவொன்றில் எடுத்த பார்வையற்ற பெண்ணின் படம் அது. கற்சுவரை ஒட்டி நிற்கிறார். கழுத்தில் தொங்கும் வெள்ளை அட்டையில் 'பார்வையற்றவர்' என்னும் பொருளில் ஒரே ஓர் ஆங்கிலச் சொல், தடித்த எழுத்தில். ஒரு கண் மூடியிருக்கிறது. மற்றது எதையோ கவனிப்பதுபோல் ஓரத்தில் ஒதுங்கியிருக்கிறது.

கேமரா ஒரு பக்கம் நோக்கியிருக்க, அதற்குச் செங்கோணத்தில் இருப்பவர் படத்தில் விழும்படி பட்டக லென்ஸ் பொருத்தி, எவரும் அறியாமல் எடுப்பது அப்போது ஸ்ட்ராண்டின் உத்தி. பார்வையுள்ளவர்களுக்காக வகுத்த அந்தத் தந்திரம் இந்தப் பெண்ணிடம் எதற்கு என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். 1917 ஜூனில், 'கேமரா வொர்க்' என்னும் புகைப்பட இதழின் கடைசி வெளியீட்டில் இப்படம் அச்சானது.

எல்லோர் கண்ணும் அந்தப் பெரிய சொல்லில்தான் போய் நிற்கும். நான் பார்ப்பது அதற்குச் சற்று மேலே குத்தியிருக்கும் சிறிய உலோக வில்லையை. உரிமம் பெற்ற தெரு வியாபாரி, நியூயார்க், எண் 2622 என்கிறது அது. அவர் கையேந்தி நிற்கவில்லை, வியாபாரத்துக்கு நிற்கிறார் என்பதற்குப் படத்தில் இருக்கும் ஒரே சாட்சி அந்த வில்லைதான்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் டிஷ்யூ பொட்டலம் விற்கும் ஓர் அண்ணன். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் எங்கள் வட்டாரத்தில்தான் இருக்கிறது. நடைபாதையில் கோல் தட்டி நடப்பவர்களும், பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்புபிடி நிலையங்களும் இங்கே அன்றாடக் காட்சி. சாப்பாட்டுக் கடையில் அந்த அண்ணன் என் மேசையருகே வந்தபோது, அவருக்குத் தெரியப்போவதில்லை என்ற அசட்டுத் தைரியத்தில் கைப்பேசியைத் தூக்கினேன். 'கிளிக்' சத்தம் காட்டிக்கொடுத்துவிட்டது.

"படம் புடிக்கிறீங்களா தம்பி?"

வெட்கத்தில் தே தாரேக் தேநீர் தொண்டையில் இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவரோ சட்டைக்குள் புரண்டு கிடந்த அடையாள அட்டையைத் தடவி எடுத்து, முன்பக்கம் தெரியும்படி திருப்பி, மார்பின் நடுவில் நிறுத்தினார்.

"இது தெரியுற மாதிரி புடிங்க. இல்லாட்டி பிச்சை எடுக்கிறவன்னு நெனச்சிடுவாங்க."

இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு மறுபடி எடுத்தேன். அட்டையின் எண் துல்லியமாக விழுந்திருக்கிறது. முகம்தான் சற்றுக் கலங்கிவிட்டது.