எட்டு மணி மாத்திரை

கிட்னி மாற்று ஆபரேஷன் முடிந்த இரவில் என் கண் முழுக்கக் கட்டிலோரம் தொங்கும் சிறுநீர்ப் பையிலேயே இருக்கும். மணிக்கொரு தடவை அளந்து எழுத வேண்டும். எவ்வளவு போகிறதோ, அதைக் கணக்குப் பார்த்து டிரிப்பில் ஏற்ற வேண்டும். ஒரு தம்பிக்கு முதல் ஒரு மணி நேரத்திலேயே 600 மில்லி போனது. இரண்டு வருடமாகச் சிறுநீரே சரியாகப் போகாதவர். மயக்கம் தெளிந்ததும் பையைப் பார்த்து, “சிஸ்டர், அது என்னோடதா?” என்றார். ஆமாம் என்றேன். கண்ணோரம் வழிந்த தண்ணீர் காதுக்குள் இறங்கியது. பஞ்சால் துடைத்துவிட்டேன்.

ஆட்டோ ஓட்டுபவர். அப்போது 31 வயது. அதற்கு முன் டயாலிசிஸ் யூனிட்டில் வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் என்னிடம்தான் படுத்திருந்தார். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் குடித்த தண்ணீரிலேயே மூன்று கிலோ ஏறி வந்து நிற்பார். திட்டினால், “சவாரியில வெயிலு சிஸ்டர், தொண்டை வறண்டுருது” என்பார். தாகத்துக்கு ஐஸ் கட்டி ஒன்றை வாயில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

கிட்னி கொடுத்தது அவருடைய அம்மா. என் பத்தொன்பது வருட வேலையில் கொடுத்தவர்களை நினைத்துப் பார்த்தால் அம்மா, மனைவி, அக்கா என்றுதான் முகங்கள் வருகின்றன. மனைவிக்குக் கொடுத்த கணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

“பழைய கிட்னியை எடுத்துட்டீங்களா?” என்று எல்லாக் குடும்பமும் கேட்கும். பெரும்பாலும் எடுப்பதில்லை. புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைத்து, அங்குள்ள ரத்தக் குழாய்களோடு இணைத்துவிடுவார்கள். டிஸ்சார்ஜ் அன்று நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1954 டிசம்பரில் பாஸ்டனில் டாக்டர் ஜோசப் மர்ரே செய்த முதல் வெற்றிகரமான கிட்னி மாற்றில் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே மாதிரியான இரட்டையர்கள். அதனால் வாங்கியவரின் உடம்பு அதைத் தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டது. “உங்க அம்மாவோடதா இருந்தாலும் உங்க உடம்புக்கு அது வெளியாள்தான் தம்பி. அதைச் சண்டை போடாம வச்சிருக்கிறது இந்த மாத்திரை. காலையில எட்டு, ராத்திரி எட்டு.” தலையாட்டினார். மொபைலில் அலாரம் வைத்துக் காட்டினார். பம்ப்ளிமாஸ் சாப்பிடக் கூடாது, அது மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்றதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

நாலாவது வருடம் கிரியாட்டினின், அதாவது கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவு, ரத்தத்தில் 1.3-லிருந்து 2.9-க்கு ஏறியது. அடுத்த தடவை 4-ஐத் தாண்டியது. கிட்னியில் சின்னத் துணுக்கு எடுத்துப் பார்த்த பயாப்ஸியில் உடம்பு கிட்னியை நிராகரிப்பது தெரிந்தது. மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி போட்டும் பெரிதாக இறங்கவில்லை.

நடந்தது இதுதான். மாத்திரையை ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகக் கொடுத்தோம். ஆனால் மாதாமாதம் வந்து வாங்க ஒரு நாள் முழுக்கப் போய்விடும். பஸ் காசு வேறு, அன்றைய ஆட்டோ வருமானமும் போச்சு. தங்கச்சி கல்யாணக் கடன் இருந்தது. ஒரு மாத மாத்திரையை இரண்டு மாதத்துக்கு இழுக்க, காலை வேளையை விட்டுவிட்டு ராத்திரிக்கு மட்டும் போட்டிருக்கிறார். உடம்பு நன்றாகத்தான் இருந்தது, அதுதான் ஏமாற்றிவிட்டது. வருவதற்கு மூன்று நாள் முன்பிருந்து இரண்டு வேளையும் போட்டுவிடுவார். ரத்தத்தில் டாக்ரோலிமஸ், அதாவது அந்த மாத்திரையின் மருந்து, அளவு சரியாகவே காட்டும்.

நான் அவரிடம் ஒவ்வொரு தடவையும் கேட்டேன்: “மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?” அவரும் ஒவ்வொரு தடவையும், “போடுறேன் சிஸ்டர்” என்றார். அந்தக் கேள்விக்கு வேறு பதில் யாரும் சொல்ல மாட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பரிசோதனைக்கு வரச் சொன்ன தேதியைத் தாண்டி வந்தபோதாவது கேட்டிருக்கலாம். வரிசை நீளமாக இருந்தது, கேட்கவில்லை. இப்போது, “போன வாரம் எத்தனை வேளை விட்டுப்போச்சு?” என்றுதான் கேட்கிறேன். மாத்திரை அட்டைகளை மேஜையில் வைக்கச் சொல்லி எண்ணுகிறேன். கடன் இருக்கா, வர்றதுக்கு என்ன செலவாகுது என்று நேராகவே கேட்கிறேன்.

கொடுக்க வீட்டில் ஆள் இல்லாமல், மூளைச்சாவு அடைந்தவர்களின் கிட்னிக்காக டயாலிசிஸ் கட்டிலிலேயே காத்திருப்பவர்கள் எத்தனை பேர்! 2008-இல் திருக்கழுக்குன்றத்து ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, மருத்துவர்களான அவன் பெற்றோர் இருவரும் உறுப்புகளைக் கொடுத்தார்கள். நம் ஜனங்களுக்கு மூளைச்சாவு என்ற சொல்லே அதற்குப் பிறகுதான் பழகியது. 2023 செப்டம்பரில், உறுப்பு கொடுத்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று தமிழக அரசு அறிவித்தது. ஒரு கிட்னி எந்த வாசலைத் தாண்டி வருகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அது ஒரு வேளை மாத்திரையில் போவதைத் தாங்க முடிவதில்லை.

அந்தத் தம்பி மறுபடி டயாலிசிஸுக்கு வந்த முதல் நாள், இடது கையை நீட்டினார். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலாவின் மேல் விரல் வைத்தேன். துடிப்பு இருந்தது. நாலு வருடம் சும்மா இருந்தும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. “கை இருக்கு சிஸ்டர்” என்றார். நான் ஊசி போட்டு முடிக்கும்வரை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

வெளியே பெஞ்சில் அவர் அம்மா உட்கார்ந்திருந்தார். “நான் குடுத்தது போயிருச்சா சிஸ்டர்?” என்று கேட்டார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன சொன்னேன் என்று இப்போது சரியாக நினைவில்லை. கையைப் பிடித்தபோதுதான் ஒன்று தோன்றியது. மகனோடு இத்தனை தடவை வந்திருக்கிறாரே, ஒற்றைக் கிட்னியோடு இருக்கும் இவருக்கு யாராவது பிரஷர் பார்த்தோமா? பழைய ஃபைலைத் தேடி எடுத்தேன். ஆபரேஷன் ஆன வருடத்தோடு பதிவு நின்றிருந்தது.

மெஷினை எடுத்து வந்து அங்கேயே பார்த்தேன். 156-க்கு 98. தலைசுற்றல் இருக்கா என்று கேட்டேன். “அது ரொம்ப நாளா இருக்குதே தாயி, அவனைப் பாக்குறப்ப இதையெல்லாம் எங்க சொல்ல” என்றார். புது நோட்டு ஒன்றை எடுத்து மேலே அவர் பேரை எழுதினேன். யூரினும் ரத்தமும் எடுக்க, மறுநாள் காலையில் வரச் சொன்னேன்.