38 வயதில் குஸ்தி: ஒன்பது மாதக் கணக்கு

பாபநாசத்தில் எங்களுக்கு உரக்கடை. இருபது வயதிலிருந்து மூட்டை தூக்குகிறேன். யூரியா 45 கிலோ, டிஏபி 50 கிலோ. அந்தத் தைரியத்தில்தான் போன சித்திரையில் கும்பகோணத்தில் மல்யுத்தம் சொல்லிக்கொடுக்கிற ஹாலுக்குள் நுழைந்தேன். முதல் நாளே என்னை மேட்டில் (மல்யுத்த மெத்தையில்) சாய்த்தவன் பதினொன்றாம் வகுப்புப் பையன். அவன் எடை 54 கிலோ, நான் 84. சாய்த்துவிட்டு, "அடிபட்டுச்சா மாமா?" என்று கை கொடுத்துத் தூக்கிவிட்டான். அன்றிலிருந்து ஹாலில் எல்லாருக்கும் நான் மாமா.

மூட்டை திருப்பித் தள்ளாது. இது எனக்கு உறைக்க ஒரு மாதம் ஆனது. மூட்டை வைத்த இடத்தில் இருக்கும். மூச்சைப் பிடித்து ஒரே தம்மில் தோளில் ஏற்றிவிடலாம். ஆள் அப்படியில்லை. கையைப் பிடித்தால் தோளை விடுவான், தோளுக்குப் போனால் அதற்குள் நம் காலை எடுத்திருப்பான். நானோ பழக்கதோஷத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டே மல்லுக்கட்டுவேன். நாற்பது விநாடியில் கண் இருட்டிக்கொண்டு வரும். ஒரு ஆட்டம் என்பது 3 நிமிடம், நடுவில் 30 விநாடி ஓய்வு, மறுபடி 3 நிமிடம். கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆறு வாரம் விழவும் நிற்கவும் மட்டும்தான். விழும்போது தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், கையை ஊன்றக் கூடாது. ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ போய்விடும். பையன்கள் தினம் நாலு தடவை எங்கேயாவது விழுகிறவர்கள், சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். நான் கடைசியாக விழுந்தது ஏதோ மழைநாளில் பைக்கிலிருந்து. உடம்புக்கு விழுவதே மறந்து போயிருந்தது.

நிற்பது அதைவிடக் கஷ்டம். முட்டி மடங்கி இடுப்பு இறங்க வேண்டும், ஆனால் முதுகு வளையக் கூடாது, தலை தொங்கக் கூடாது. எனக்கு முட்டி மடங்குவதற்குள் இடுப்பு வளைந்துவிடும். மாஸ்டர் என்னைவிட எட்டு வயது சின்னவர், மரியாதையாகத்தான் திட்டுவார். "அண்ணே, நாத்து நடுற மாதிரி குனியாதீங்க. சேத்துல வண்டிச் சக்கரம் பதிஞ்சா தோள் குடுத்துத் தள்ளுவோம்ல, அப்படி இறங்குங்க." ஒரு மாதம் சொன்ன 'ஸ்டான்ஸ்' புரியவில்லை, வண்டிச் சக்கரம் ஒரே நிமிடத்தில் புரிந்தது. சின்ன வயதில் அப்பாவோடு அறுப்புக் காலத்தில் அப்படித் தோள் கொடுத்திருக்கிறேன்.

அந்த நிலையிலிருந்துதான் 'டபுள் லெக்' பிடி வருகிறது. எதிராளியின் கால்களுக்கு நடுவே நம் முன்னங்கால் போக வேண்டும். முட்டி மேட்டைத் தொட்டும் தொடாமலும் உரசிக்கொண்டு போகும், நம் தோள் அவன் இடுப்புக்கு வரும், இரண்டு கையும் அவன் முட்டிக்குப் பின்னால் பூட்டும். அப்புறம் நேராகத் தள்ளக் கூடாது. தலை எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தத் தலையாலேயே விலாவில் அழுத்தி எதிர்ப்பக்கமாகத் திருப்ப வேண்டும். எழுத நாலு வரி ஆகிறது, நடப்பது ஒரு விநாடி. நான் தலையைக் கீழே போட்டுக்கொண்டு போவேன். பையன் இரண்டு காலையும் பின்னால் வீசி, இடுப்பை அப்படியே என் முதுகில் இறக்குவான். 54 கிலோ, கழுத்தில் விழும்போது இரண்டு மூட்டை யூரியா.

ஆனி, ஆடியில் வகுப்புக்குப் போனது மொத்தம் ஒன்பது நாள். ஜூன் 12 மேட்டூர் திறந்து, மூன்று நாளில் கல்லணையும் திறந்துவிட்டால் உரக்கடைக்காரனுக்குச் சொந்தமாக உடம்பு கிடையாது. ராத்திரி கடை பூட்டியபின் கிட்டங்கியில் சும்மா அந்த 'இறங்கி நுழைகிற' அடியை மட்டும் ஐம்பது தடவை போடுவேன். அப்பா கல்லாவில் உட்கார்ந்து பார்ப்பார். "கோதாவுல இறங்குறதெல்லாம் எலக்‌ஷன்ல நிக்கிறவன் வேலை. உனக்கு எதுக்கு?" மற்றபடி ஒன்றும் சொல்லமாட்டார்.

ஆடிப்பெருக்குக்கு அப்புறம் வந்தது படர்தாமரை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், புதிதாக வருகிற யாருக்கும் இதை முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். முன்கையில் எட்டணா அளவு வட்டம், ஓரம் சிவந்து, நடுவில் தெளிந்து. வியர்வையும் தோலோடு தோல் உரசலும் உள்ள விளையாட்டில் இது சகஜம். நான் செய்த தப்பு, மருந்துக்கடையில் கையைக் காட்டி ஒரு க்ரீம் வாங்கியது. நாலே நாளில் அரிப்பு நின்றது. பதினைந்தாம் நாள் வட்டம் மூன்றாகி, தொடை வரை போயிருந்தது. தோல் டாக்டர் டியூபைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை உள்ளுக்குள் வளர்த்துவிடும் என்றார். மாஸ்டர் என்னை முழுதாக ஆறும்வரை மேட்டில் ஏற விடவில்லை. ஒரு மாதம் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். இப்போது ஹாலிலேயே குளித்துவிட்டுத்தான் பைக் எடுக்கிறேன், துணியை வெயிலில்தான் காயப்போடுகிறேன், நகம் வாரம் ஒருமுறை.

புரட்டாசியில் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. ஊறவைத்த கொண்டைக்கடலை, உளுந்தங்கஞ்சி, தயிர். எடை என்னவோ குறைந்தது. கடைத் தராசில் 80.4.

ஓரமாக உட்கார்ந்திருந்த அந்த மாதம் வீணாகவில்லை. வெளியிலிருந்து பார்த்தால்தான் யார் எப்போது மூச்சு விடுகிறார்கள் என்று தெரிகிறது. நல்ல பையன்கள் பிடி இறுகும்போது விடுகிறார்கள்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் கடையில் ஆள் இல்லை. வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நான் கழுத்தைத் தேய்ப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டார். சொன்னதும் சிரிக்கவில்லை. புறநானூற்றில் 80ஆம் பாட்டு நம்ம பக்கத்துக் குஸ்திதான் என்றார். உறையூர்த் தித்தனின் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடியது. ஒரு கால் மல்லனின் மார்பில், இன்னொரு கால் அவன் தந்திரத்தைத் தடுத்துப் பின்பக்கம். அப்பனுக்கும் மகனுக்கும் ஆகாது. அதனால், மெச்சினாலும் மெச்சாவிட்டாலும் தித்தன் இதைப் பார்க்கட்டும் என்கிறாராம் புலவர். நான் கல்லாப் பக்கம் திரும்பினேன். அப்பா ரசீதுப் புத்தகத்தில் ஏதோ மும்முரமாக இருந்தார்.

(இன்றைய விதியில் மார்பில் கால் வைத்தால் செல்லாது. இரண்டு தோள்பட்டையும் மேட்டில் படிய வேண்டும், நடுவர் பார்க்கிற அளவுக்கு அப்படியே இருக்க வேண்டும்.)

பொங்கல் முடிந்து ஹாலுக்குள்ளேயே பயிற்சி ஆட்டம் வைத்தார்கள். ஃப்ரீஸ்டைல். எனக்கு எதிரே 74 கிலோ கல்லூரிப் பையன். முதல் நிமிடத்திலேயே இரண்டு தடவை கீழே போட்டான், தடவைக்கு 2 புள்ளி. கீழே கிடக்கும்போது இடுப்பைக் கட்டி இரண்டு தடவை உருட்டினான், அதற்கும் உருட்டலுக்கு 2. எட்டு. இடைவேளையில் மாஸ்டர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "மூச்சு."

இரண்டாம் பாதியில் அவன் என் கழுத்தில் கைபோட்டு இழுத்தான். நான் இழுத்த பக்கமே போனேன். முட்டி மேட்டை உரசியது, தோள் அவன் இடுப்பில் பட்டது, தலை விலாவில் இருந்தது. திருப்பினேன். அவன் உட்கார்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. 2 புள்ளி. அதைக் கொண்டாடுகிற மிதப்பில் இருந்தபோது என்னை வட்டத்துக்கு வெளியே தள்ளி ஒன்று எடுத்தான், அடுத்து இரண்டு, மறுபடி ஒன்று. 12-2. பத்துப் புள்ளி வித்தியாசம் வந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. ஒரு நிமிடம் மிச்சம் இருந்தது, எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

35 வயது தாண்டியவர்களுக்கு உலக அளவில் வெட்டரன்ஸ் பிரிவு இருக்கிறது. மாஸ்டர் அதைச் சொல்லிவிட்டு, "இன்னும் ரெண்டு வருஷம் பழகணும், அண்ணே" என்றார். சரி.

வீட்டுக்கு வரும்போது தரிசில் தெளிக்க உளுந்து விதை இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா மூட்டை எண்ணிக்கொண்டே கேட்டார்.

"என்ன ஆச்சு?"

"பன்னெண்டு ரெண்டு. தோத்துட்டேன்."

இரண்டு மூட்டை இறங்கும்வரை பேசவில்லை. அப்புறம், "அந்த ரெண்டு எப்படி எடுத்தே?"

காட்டலாம் என்று அடுக்கில் நிமிர்த்தி வைத்திருந்த ஒரு மூட்டை முன்னால் இறங்கி நின்றேன்.

"டேய், அதைத் தொடாதே. விதை மூட்டை, கிழிஞ்சிடும்."