பிரசர் வேறு, டென்சன் வேறு

"டென்சன் ஆயிப்போச்சுங்க, பிரசர் ஏறிருச்சு." கொங்குப் பக்கம் இந்த இரண்டும் ஒரே மூச்சில்தான் வரும். டென்சன் என்னும் மன அழுத்தத்திலிருந்து வெளியே வர நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது அதையும் பிரசர் என்னும் ரத்த அழுத்தத்தையும் பிரித்துப் பார்ப்பது. பல்லடம், சோமனூர், அவிநாசிப் பக்கத்துத் தறிக்காரர்களோடும் பவர்டேபிளில் பனியன் துணி தைக்கும் டைலர்களோடும் எட்டு வாரம் சேர்ந்து நடந்து பார்த்த வழி இது. இதில் வரிசை முக்கியம். தூக்கமில்லாத மனுசனுக்குத் தியானம் சொல்லிக் கொடுத்தால் அவருக்கு அது இன்னொரு சுமை. கடன் கணக்கை எழுதிப் பார்க்காதவருக்கு மூச்சுப் பயிற்சி அரை மணி நேரத்துக்குத்தான் தாங்கும்.

முதல் வாரம் முழுக்க அளப்பது மட்டும்தான். மேல்கையில் சுற்றும் டிஜிட்டல் பி.பி. மெஷின் போதும். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். கை கொஞ்சம் தாழ்ந்தாலே அளவு மாறும். காலையில் எழுந்து, ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, டீக்கும் மாத்திரைக்கும் முன்னால் ஒரு தடவை. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை. முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட, 5 நிமிடம் பேச்சில்லாமல் உட்கார்ந்த பிறகு, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து எடுக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை. இப்படி 7 நாள் எழுதி, முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதி ஆறு நாளுக்குச் சராசரி போட வேண்டும். 135/85 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்தத் தாளோடு மருத்துவரைப் பார்ப்பது.

இதில் நடக்கும் தப்புகள் எல்லாம் அளவைக் கூட்டிக் காட்டுபவை. கால்மேல் கால் போட்டு உட்காருவது, சட்டைக் கையை இறுக்கிச் சுருட்டிவிட்டு அதற்கு மேல் பட்டையைக் கட்டுவது, பெருத்த கைக்குச் சின்னப் பட்டை, டீயோ பீடியோ முடிந்த கையோடு எடுப்பது. இவற்றைவிட மோசமானது, ஒரு தடவை கூடுதலாக வந்ததும் பயந்துபோய் ஐந்தாறு முறை எடுத்துக்கொண்டே இருப்பது. அந்தப் பயமே அளவை ஏற்றும். 180/120ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் விழுதல் இருந்தால் 108ஐ அழைக்க வேண்டும். அப்போது சராசரி பார்க்கக் கூடாது.

அளந்து பார்த்தால் ஒன்று விளங்கும். டென்சன் பிரசரை அந்த நேரத்துக்கு ஏற்றும், பிறகு இறங்கிவிடும். நிலையாக ஏறிய பிரசரோ பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. "இப்ப மனசு நல்லா இருக்குதுங்க, மாத்திரைய நிறுத்திட்டேன்" என்று சொல்பவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். மனசு லேசானால் மாத்திரை தேவையில்லை என்ற கணக்கு தப்பு.

அதே வாரத்தில் ரத்தமும் பார்த்துவிடுவது நல்லது: ஹீமோகுளோபின், சுகர், தைராய்டுக்கு டி.எஸ்.எச். நெஞ்சு படபடப்பும் கை நடுக்கமும் தைராய்டு கூடினாலும் வரும். அசதியும் மூச்சு வாங்குவதும் ரத்தசோகையிலும் வரும். நடக்கும்போதோ படியேறும்போதோ நெஞ்சை அழுத்திப் பிடித்து, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவி, குப்பென்று வேர்த்தால் "கேஸ்" என்று சோடா குடித்துவிட்டு உட்காரக் கூடாது. உடனே இ.சி.ஜி.

உடம்புக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். ஆபத்து என்று மூளை நினைத்த சில நொடிகளில் அட்ரீனலின் என்ற ஹார்மோன் இறங்கி இதயத்தை விரட்டும், செரிமானத்தை நிறுத்தி வைக்கும். அடுத்த சில நிமிடங்களில் கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறி ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டும். இது ஓடவோ எதிர்க்கவோ உடம்பு செய்யும் ஏற்பாடு. தப்பித்து முடிந்ததும் தணிந்துவிட வேண்டும். 1936இல் மன அழுத்த ஆய்வாளர் ஹான்ஸ் செல்யே எழுதிய எலிச் சோதனையில் குளிர், காயம், நஞ்சு, அளவு மீறிய உழைப்பு என எதைக் கொடுத்தாலும் உடம்பு ஒரே மாதிரிதான் பதில் சொன்னது: அட்ரீனல் சுரப்பி வீங்கியது, நோய் எதிர்ப்புக்கான தைமஸ் சுரப்பி சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. ஆனால் மனிதருக்கு வரும் வயிற்றுப்புண்ணுக்குப் பெரும்பாலும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியும் வலி மாத்திரைகளும்தான் காரணம். இடுப்புவலிக்குத் தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு மிஷினில் உட்காரும் டைலர்கள் வயிற்றெரிச்சலை டென்சன் தலையில் கட்டாமல் அந்த மாத்திரையை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்து வேலைக்கு ரொம்பப் பொருந்துவது 1979இல் வேலைச் சுமையை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் சொன்னது. வேலையின் நெருக்கடி அதிகம், அதில் தன் பேச்சு எடுபடும் அளவு குறைவு. இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் மனச் சுமை மிகவும் கூடுகிறது. அடுத்தவர் ஆர்டரைக் கூலிக்கு முடித்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்பவர் நிலைமை அப்படியே இதுதான். ரேட்டை ஒருவர் முடிவு செய்கிறார், ஷிப்மென்ட் தேதியைக் கடல் தாண்டி ஒருவர் முடிவு செய்கிறார், துணி தாமதமாக வருகிறது, கரண்டு போகிறது. பொறுப்பு மட்டும் இவருடையது. கூலிக்கு நெசவு ஓட்டுபவருக்குப் பாவும் நூலும் அடுத்தவருடையவை. அதனால் "எதையும் மனசுல போட்டுக்காத" என்ற ஆறுதல் இங்கே எடுபடாது. தன் கையில் மிச்சம் இருக்கும் கொஞ்ச இடத்தைக் கண்டுபிடித்து அகலப்படுத்துவதுதான் வழி.

இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும் தூக்கத்துக்கு. கார்டிசால் விடிகாலையில் ஏறி, எழுந்த அரை மணி நேர வாக்கில் உச்சம் தொட்டு, நள்ளிரவை ஒட்டி அடங்கும். இந்த ஓட்டத்தை நேராக்க நம் கையில் இருக்கும் நல்ல பிடி, எழும் நேரம். காலை 6 என்றால் ஞாயிறும் 6தான். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு பதினொரு மணி வரை தூங்கி எழுபவருக்கு அன்று ராத்திரி தூக்கம் வராது. திங்கட்கிழமை எரிச்சலோடுதான் தொடங்கும். காலை 8:30க்கு உள்ளே போய் இரவு 8:30க்கு வெளியே வரும் ஒன்றரை ஷிப்டில் சாயங்கால டீதான் பெரிய எதிரி. குடித்த காபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ஆறு மணி டீ பதினொரு மணிக்கும் பாதி உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். மதியம் 2 மணிக்குப் பிறகு டீயை நிறுத்தியவர்களுக்கு முதல் மூன்று நாள் தலைவலி வந்தது. நாலாம் நாள் போய்விட்டது. ஒரேயடியாக முடியாவிட்டால் அரை டம்ளராகக் குறைத்துக்கொண்டு வரலாம்.

படுத்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு இடத்தில், மங்கின வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கியதும் திரும்பப் படுப்பது. படுக்கையில் புரண்டு ரோசனை பண்ணிக்கொண்டே கிடந்தால் படுக்கைக்கும் ரோசனைக்கும் மூளை முடிச்சுப் போட்டுவிடும். இந்த முறையில் முதல் வாரம் தூக்கம் குறைந்து அசதி கூடும். அது வழக்கம்தான், பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். அந்த வாரம் மட்டும் இரவில் வண்டி ஓட்டுவதைத் தவிர்ப்பது அவசியம். குடித்தால் தூக்கம் வருகிறது என்பதும் பாதி உண்மைதான். படுத்ததும் வரும், சாராயம் இறங்க இறங்க இரண்டு மூன்று மணிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டு விழிப்பு வந்துவிடும்.

ராத்திரித் தறி ஓட்டுபவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. வேலை நாளும் லீவு நாளும் பொதுவாக வரும்படி ஒரு 4 மணி நேரத்தைத் தூக்கத்துக்கு ஒதுக்கி, அதை மட்டும் மாற்றாமல் காக்க வேண்டும். ஜன்னலில் கனத்த துணி, வாசலில் செருப்பைப் பார்த்தாலே யாரும் கூப்பிடக் கூடாது என்று வீட்டில் ஒரு ஒப்பந்தம். தறிச் சத்தமும் சும்மா விடாது. 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் 8 மணி நேரம் நிற்பது காதைக் கெடுக்கும். உடம்பையும் விறைப்பிலேயே வைத்திருக்கும். பஞ்சு அடைத்தால் போதாது, நுரை அடைப்பான்தான் வேண்டும். அதை உருட்டிச் சிறுத்து, காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, விரிகிற வரை விரலால் அழுத்தி வைக்க வேண்டும்.

தூக்கம் ஒரு ஒழுங்குக்கு வந்த பிறகுதான் மூச்சு. 4 எண்ணும் வரை மூக்கால் உள்ளே, 6 எண்ணும் வரை வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. 5 முதல் 10 நிமிடம், காலையும் மாலையும். வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்தை நிதானமாக்கும். "நல்லா ஆழமா இழுங்க" என்று சொல்லிக் கொடுப்பதில்தான் கெடுகிறது. வேகமாகவும் பெரிதாகவும் இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும். ஏற்கெனவே பயந்தவர் இன்னும் பயந்துபோவார். மெதுவாக, சின்னதாக, வயிறு அசைந்தால் போதும். மனசு அமைதியாக இருக்கும்போதே பழக வேண்டும். படபடப்பு வந்த பிறகு முதல் தடவையாகச் செய்து பார்த்தால் கை கொடுக்காது.

ஓவர்லாக், சிங்கர் மிஷினில் உட்காருபவர்களுக்குத் தோளும் பிடரியும் தாடையும் சாயங்காலத்துக்குள் கட்டை ஆகிவிடும். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் வகுத்த தசைத் தளர்ச்சி முறை இதற்குத் தோதானது. தோளைக் காதுவரை தூக்கி 5 நொடி இறுக்கி, பொத்தென்று விட்டு 15 நொடி அந்தத் தளர்வைக் கவனிப்பது. பிறகு முஷ்டி, தாடை, வயிறு, தொடை. முழுப் பலத்தோடு இறுக்கினால் பிடரி பிடித்துக்கொள்ளும். முக்கால் பலம் போதும். நடை நாளுக்கு 30 நிமிடம், வாரம் 5 நாள். சென்னிமலையின் 1320 படிகளை ஒரே நாளில் ஏறி முழங்காலைக் கெடுத்துக்கொள்வதைவிட இது மேல்.

ஐந்தாம் வாரம்தான் உண்மையான வேலை, தாளும் பேனாவும். ரோசனைக்கு என்று தினமும் ஒரே இடத்தில் 20 நிமிடம், படுப்பதற்கு 2 மணி நேரம் முன்பாவது. பகலில் வரும் கவலையை ஒரு வார்த்தையில் குறித்துவிட்டு அந்த நேரத்துக்குத் தள்ளி வைப்பது. உட்கார்ந்ததும் இரண்டு பத்தி: என்னால் ஆவது, என்னால் ஆகாதது. உளவியலாளர்கள் லாசரஸும் ஃபோக்மனும் 1984இல் பிரித்த பிரிவுதான் இது. ஆவதற்குத் திட்டம் போட வேண்டும், ஆகாததற்கு மனசைத் தேற்ற வேண்டும். பெரும்பாலும் சறுக்குவது இதை மாற்றிச் செய்வதில்தான். பேசி மாற்றக்கூடிய கடனுக்குக் கண்ணை மூடி உட்காருகிறோம், மாற்ற முடியாத ஷிப்மென்ட் தேதியோடு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டுகிறோம்.

கடனைப் பிரித்து எழுதினால் சட்டம் எங்கே நமக்குத் துணை நிற்கிறது என்பது தெரியும். மீதி எவ்வளவு, வட்டி எவ்வளவு, எந்தக் கிழமை கட்டணும், யாருக்கு. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, குழுக் கடன் தரும் நிறுவனம் கடன் கொடுக்கும்போதே, எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதத் தவணை குடும்ப மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. மீறினால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். கந்துவட்டிக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, காவல் நிலையத்தில் புகார் தரலாம். கணக்கு வீட்டுக்காரிக்கும் வீட்டுக்காரருக்கும் ஒன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒளித்து வைத்த கடன்தான் அதிகம் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இவ்வளவு செய்தும் இரண்டு வாரம் தொடர்ந்து மனசு கீழேயே கிடந்தால், எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால், அது டென்சனைத் தாண்டிவிட்டது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் புறநோயாளிப் பிரிவுக்குப் போகலாம். கோவையிலும் பெருந்துறையிலும் இருக்கின்றன. மாவட்ட மனநலத் திட்டம் அரசு ஆஸ்பத்திரி வழியாகக் கிடைக்கும். நேரில் போகத் தயங்குபவர் அரசின் மனநல உதவி எண் 14416ஐ அழைக்கலாம். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்க 2 முதல் 4 வாரம் ஆகும். முதல் சில நாள் குமட்டல் வரலாம். இடையில் சட்டென்று நிறுத்தக் கூடாது. மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் தூக்க மாத்திரை பழக்கமாகிவிடும். அதை மருத்துவர் சொல்லாமல் தொடவும் வேண்டாம், பழகியவர் தானாக நிறுத்தவும் வேண்டாம்.

இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் மருத்துவர் ஓய்வு எழுதிக் கொடுக்கும் நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்குரிய பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். மனநோய்க்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாததால் சம்பளம் போய்விடும் என்று பயந்தே வைத்தியம் தள்ளிப்போகிறது.

உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வருபவர் வீட்டில் இருந்தால், தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்தை அன்றைக்கே வேறு வீட்டில் பூட்டி, சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த எண்ணம் உச்சத்தில் நிற்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான், அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் உயிர் தப்பும். நேராகக் கேட்பதால் எண்ணம் வளராது, "அப்படி ஏதாச்சும் தோணுதாங்க?" என்று கேட்கலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகத் தயங்க வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே எடுத்துக்கொள்கிறது, தண்டிப்பதில்லை.

எட்டாம் வாரம் மறுபடியும் அதே 7 நாள் பி.பி. தாள், அதே நாற்காலி, அதே நேரம். ஷிப்மென்ட் வாரம் குறுக்கே வந்தால் நடையும் மூச்சும் தவறும், அதைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம். ராத்திரி எத்தனை மணிக்குக் கம்பெனியைவிட்டு வந்தாலும் காலை எழும் நேரத்தை மட்டும் அந்த வாரத்திலும் மாற்றக் கூடாது.