ஜூன் 1இல் பிறந்தவர்கள்

எங்கள் ஊரில் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் பலருக்குப் பிறந்த நாள் ஜூன் 1. தப்பித்தவர்களுக்கு மே மாதத்தில் ஏதோ ஒரு தேதி இருக்கும். வெளியூரிலிருந்து வந்த பேங்க் மேனேஜர் ஒருவர், "என்னங்க, ஊரே ஒரே நாள்ல பிறந்திருக்கு?" என்று கேட்டாராம். அந்தத் தேதிகளையெல்லாம் எழுதிக் கொடுத்தவர் என் மாமியார்.

ஆலங்குளம் பக்கம் ஒரு சிற்றூர். அப்போது திருநெல்வேலி மாவட்டம், 2019இலிருந்து தென்காசி. அத்தை ஹையர் கிரேடு டீச்சர். எட்டாம் வகுப்பு முடித்து, இரண்டு வருடம் ட்ரெய்னிங் முடித்து, 1950இல் ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவர். போர்டு போய் பஞ்சாயத்து யூனியன் வந்தபோதும் அதே பள்ளி, அதே வேப்பமரம். இடையில் இரண்டு முறை மாற்றல் போனார், இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டார். நான் 1984இல் அங்கே உதவி ஆசிரியையாகச் சேர்ந்தபோது அவர்தான் தலைமை ஆசிரியை. ஐந்து வகுப்பு, மூன்று டீச்சர்.

வீட்டில் அத்தை, பள்ளியில் டீச்சர். முதல் வாரத்தில் வாய் தவறி "அத்தை, சாக்பீஸ் எங்க?" என்று கேட்டுவிட்டேன். பதிலே வரவில்லை. மூன்றாம் வகுப்பு முழுக்கச் சிரித்தது. இதில் எனக்கு முன்னோடி என் வீட்டுக்காரர். அவர் அங்கே படிக்கும்போது வகுப்பில் "அம்மா" என்று கூப்பிட்டதற்காக ஒரு பீரியட் வெளியே நின்றவர். "பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகுதான் எங்களுக்கு அம்மா" என்று இன்றைக்கும் சொல்வார். சொல்லும்போது சிரிப்பார், ஆனால் முழுச் சிரிப்பு இல்லை.

சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு நாள் பத்து நிமிடம் பிந்திப் போனேன். ஏழு பேருக்கு இட்லி அவித்து, மாமாவுக்குத் தனியாகக் கஞ்சி வைத்து, நாலு டிபன் கேரியர் கட்டிவிட்டு ஓடி வருகிறேன். அந்த இட்லியில் நாலைத் தின்றுவிட்டு எட்டரைக்கே கிளம்பிவிட்டவர் அத்தை. பள்ளியில் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் என் பெயருக்கு நேரே அரை நாள் சி.எல். (தற்செயல் விடுப்பு) போட்டிருக்கிறது, சிவப்பு மையில். அன்று முழுக்க நான் அவரிடம் பேசவில்லை, அவரும் பேசவில்லை. சாயங்காலம் வீட்டில் காபி போட்டு என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் விடியற்காலை நாலரைக்கு அடுக்களையில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தால் அத்தை இட்லித் தட்டில் துணி விரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஓய்வு பெறும்வரை காலைச் சமையல் அவருடையதுதான். அந்த அரை நாள் சி.எல். மட்டும் அப்படியே இருந்தது. எனக்கு இன்னும் அதில் கொஞ்சம் கோபம் உண்டு.

பிள்ளை சேர்க்கிற நாள்தான் அவரைப் பார்க்க வேண்டிய நாள். வீட்டிலேயே பிரசவம், எங்கேயும் பதிவு கிடையாது. என்று பிறந்தது என்று கேட்டால், "கோயில் கொடைக்கு மறுநாள்" என்பாள் தாய். எந்த வருசக் கொடை என்றால் தெரியாது. "புயல் அடிச்ச மார்கழி" என்று சொன்னால் அத்தைக்குக் கொண்டாட்டம். அது தனுஷ்கோடி போன 1964 டிசம்பர், கணக்குச் சுலபம். ஒன்றும் தெரியாவிட்டால் பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயது. ஜூன் 1இலிருந்து ஐந்து வருடத்தைக் கழித்துச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதிவிடுவார். விரல் காதுக்கு ஒரு நூல் எட்டாமல் நிற்கிற பிள்ளைகளும் உண்டு. "தலையைச் சாய்ச்சுக்கோ" என்று தானே சொல்லிக் கொடுப்பார்.

ஆனால் எழுதுவதற்கு முன்னால் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு நிமிடம் யோசிப்பார். எதற்கு என்று ஒரு தடவை கேட்டேன். "இதுல எழுதினதுதான் அதுக்கு சாகுறவரைக்கும் வயசு. வேலைக்குப் போனா இதான், ரிட்டையர் ஆனாலும் இதான். நாம கூட்டி எழுதிட்டா ஒரு வருசச் சம்பளம் போச்சுல்லா" என்றார். நான் அதுவரை அதை ஒரு நோட்டுப் புத்தகமாகத்தான் நினைத்திருந்தேன்.

பெண் பிள்ளைகளைச் சேர்ப்பது சுலபம், நிறுத்தி வைப்பதுதான் பாடு. எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். கடையில் இலையும் தூளும் எடைபோட்டு வாங்கி வந்து, இத்தனை பீடி என்று எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கணக்கில் இடித்தால் இலையைக் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை உட்கார்ந்து இலை வெட்டிக் கொடுத்தால் தாய்க்கு நாளைக்கு இருநூறு பீடி கூடும். நாலாம் வகுப்பில் ஒருத்தி ஒரு வாரமாக வரவில்லை என்று டீச்சர் கிளம்பினார், நானும் கூடப் போனேன். திண்ணையில் தாயும் மகளும் சுளகை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

"ஏளா, பிள்ளைய அனுப்புதியா இல்லையா?"

"வெள்ளிக்கிழம கணக்கு முடிக்கணும் டீச்சர். திங்கக்கிழம அனுப்புதேன்."

டீச்சர் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து, பிள்ளை கையிலிருந்த கத்தரியை வாங்கி இலையை வெட்ட ஆரம்பித்தார். "அவ போயி படிச்சிட்டு வரட்டும், நான் வெட்டுதேன்." தகட்டை இலைமேல் வைத்து அளவாக வெட்ட வேண்டும். நரம்பு பார்த்து வைக்காவிட்டால் ஒரு இலையில் இரண்டு துண்டு வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் தேறும். டீச்சர் வெட்டிய பத்து இலையும் பாழ். அந்த அம்மா பதறிப்போய்க் கத்தரியைப் பிடுங்கி, "போதும் டீச்சர், நீங்க அவளக் கூட்டிட்டே போங்க" என்றாள். வேண்டுமென்றே பாழாக்கினாரா என்று வரும் வழியில் கேட்டேன். "ச்சே, எனக்கு நெசமாவே வெட்டத் தெரியாது" என்றார். அந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாரையும் அவர் கரையேற்றிவிட்டார் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

சொல்லிக் கொடுத்ததை மாற்றிச் சொல்லிக் கொடுப்பதே அவருக்கு வாழ்க்கையாக இருந்தது. முதலில் அணா, பைசாவில் கணக்கு. 1957இல் நயா பைசா வந்தது. அப்புறம் சேர், படி, ராத்தல் எல்லாம் போய் கிலோவும் லிட்டரும். 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளி கொண்டுவந்தபோது காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம். அடுத்த வருடமே காமராசர் வந்து அதை எடுத்துவிட்டார். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது அவருக்குக் கொஞ்சம் வலித்திருக்கிறது. ணை, லை, ளை, னை நாலும் அதுவரை தும்பிக்கையைத் தலைமேல் தூக்கிய மாதிரி எழுதப்பட்டவை. "யானைக்கே தும்பிக்கைய வெட்டிட்டாங்க" என்பார். கரும்பலகையில் ஒரு நாள்கூடப் பழைய எழுத்து வந்ததில்லை. வீட்டுப் பலசரக்குச் சிட்டையில் மட்டும் சேனைக்கிழங்கும் கறிவேப்பிலையும் கடைசிவரை தும்பிக்கையோடுதான் இருந்தன. கடைக்காரப் பையனுக்குப் படிக்கத் தெரியாமல் எங்களுக்குச் சேனைக்குப் பதில் சேப்பங்கிழங்கு வந்திருக்கிறது.

1989 மே 31இல் ஓய்வு பெற்றார். பிறந்த தேதி 1.6.1931. ஒன்றாம் தேதி பிறந்தவர்களுக்கு முந்தின மாதக் கடைசியோடு பணி முடிந்துவிடும். ஆமாம், அவருக்கும் ஜூன் 1தான். அவரைச் சேர்த்த வாத்தியாரும் காதைத் தொடச் சொல்லியிருப்பார்.

அப்புறம் முப்பத்துநாலு வருடம் குடும்பத்துக்குத் தலைமை ஆசிரியை. ஐந்து பிள்ளைகள், பதினொரு பேரன் பேத்திகள். கல்யாண மொய் நோட்டில்கூட வரிசை எண் போட்டு, பக்கக் கடைசியில் கூட்டி, கையெழுத்தும் போடுவார். பொங்கலுக்கு யார் வரவில்லை என்று மறுநாள் போனில் காரணம் கேட்பார். முதியோர் பென்ஷனுக்கு வயதுச் சான்று வேண்டும் என்று பழைய மாணவர்கள் திண்ணையில் வந்து நிற்பார்கள். அறுபது ஆகவில்லை என்று பதிவேடு சொல்லும், முடி வேறு சொல்லும். "காதைத் தொட்டது நீதானல" என்று அனுப்பிவிடுவார். 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் காலை உணவு வந்த செய்தியைப் பேத்தி படித்துக் காட்டினாள். "காலையிலயேவா? ஆக்குதவ எத்தன மணிக்கு எந்திரிப்பா?" என்றார். அவர் முழுசாகப் பேசி நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான். அடுத்த மாதம் போய்விட்டார்.

பதினாறாம் நாள் முடிந்து நானும் வீட்டுக்காரரும் இறப்பைப் பதிய வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனோம். அத்தைக்கு மூத்த நாத்தனார் ஒருத்தர் நூறை நெருங்கி இருக்கிறார். "அவ கார்த்திகையில பிறந்தவ, அதுவும் ரெண்டு வருசம் முந்தி" என்று காரியத்தன்றே ஒரு பிரச்சினையைக் கிளப்பியிருந்தார். வீட்டுக்காரர் தயங்கினார். வெளியே கிராம உதவியாளர் நின்றுகொண்டிருந்தார். எங்கள் பள்ளியில் படித்தவர், அவருக்கும் ஜூன் 1தான்.

வி.ஏ.ஓ. பாரத்தை என் பக்கம் தள்ளினார். வயது என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்தேன். அப்புறம் திறந்து 92 என்று எழுதினேன்.

"சரியா தெரியுமாம்மா?"

"ரிக்கார்டுல அதுதான் சார் இருக்கு."